சாரம்மாளின் இடது காது

செய்தி வந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணி அடித்து ஓய்ந்திருந்தது. இரண்டாம் மணி இன்னும் அடிக்கவில்லை. தச்சநல்லூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாசலில் வண்டிக்காரர் பிச்சைக்கண்ணு நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, பாளையங்கோட்டை அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சுகமில்ல. பைய கிளம்பி வாங்க," என்றார்.

நோயாளியைப் பார்க்க யாரையும் பைய, மெதுவாக, வரச் சொல்வதில்லை. "எப்போ?" என்று கேட்டேன்.

"கோழி கூப்பிட," என்றார்.

மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரான என் அண்ணன் சத்தியநேசன் இப்படித்தான் மாசி மாதக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வயது முப்பத்து நாலு.

மறுநாள் மாலை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் தலைமையாசிரியர் பேசினார். "நம் சகோதரர் ஒளியையும் நிழலையும் அறிந்தவர். இப்போது நிழலை விட்டு நித்திய ஒளிக்குள் பிரவேசித்தார்" என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் உயிரோடு இருந்தவரை, அந்தத் தலைமையாசிரியருக்கு டிராயிங் வகுப்பு என்பது கணக்குப் பாடம் பின்தங்கினால் எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரு மணி நேரம். ஆனால் அவர் கலையை மதிக்காதவர் என்று சொல்வது அநியாயம். பள்ளிக்கூட வளாகம் முழுவதும் 'இங்கே எச்சில் துப்பாதே' என்ற பலகைகளை அண்ணனைக் கொண்டே எழுதுவித்தார்.

சபையாரும் மதித்தார்கள். யார் இறந்தாலும் பெட்டி மூடியில் பெயரும் வசனமும் எழுத அண்ணனுக்குத்தான் ஆள் வரும். அவன் பெட்டிக்கு எழுத வேறு ஆள் இல்லாததால் உபதேசியார் இன்பமணி தாமே தூரிகையை எடுத்தார். 'சத்திய' என்று தாராளமாகத் தொடங்கிவிட்டு, 'நேசன்' என்பதற்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கிவிட்டார். அண்ணன் பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து அழித்து எழுதியிருப்பான்.

அவன் படம் வரையப் பிறந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. மெட்ரிகுலேஷன் கணக்கில் இரண்டு முறை தவறினான். அப்பா மிஷன் கச்சேரிக் குமாஸ்தா. "கணக்கு வராதவனுக்கு வேற என்ன வரும், படம்தான் வரும்," என்று சொல்லி, பட்டணத்துக்கு டிராயிங் பரீட்சை எழுத அனுப்பிவைத்தார். கோடு சம்பந்தப்பட்டது எல்லாவற்றிலும் அண்ணன் தேறினான். குடம் வரைந்தான், நாற்காலி வரைந்தான், திறந்த பெட்டியும் மூடிய பெட்டியும் வரைந்தான். அவன் வரைந்த குடத்தை எல்லோரும் குடம் என்றே சொன்னார்கள். மிச்சம் நின்றது 'லைட் அண்டு ஷேடு' என்ற பரீட்சை ஒன்று. அதில் கோட்டுக்கு வேலை இல்லை. எங்கே வெளிச்சம் விழுகிறது, எங்கே நிழல் தங்குகிறது என்பதை வைத்தே முகம் எழும்ப வேண்டும்.

அதற்காகப் பட்டணத்திலிருந்து, பார்த்து வரையச் சுண்ணாம்பில் வார்த்த தலைச்சிலை ஒன்றும் சீமைப் புத்தகம் ஒன்றும் வரவழைத்தான். வடக்கே பார்த்த ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வை, மற்ற எல்லாவற்றையும் அடை, அறையில் வேறு வெளிச்சம் நுழையவே கூடாது என்று அந்தப் புத்தகம் கட்டளையிட்டது. எழுதியவர், சூரியன் எப்போதாவது விருந்தாளியாக வந்துபோகும் தேசத்துக்காரர். கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைச் சிந்தாமல் பிடிக்க அவர் சொன்ன வழியை, வெயிலைத் தவிர வேறு எல்லாவற்றுக்கும் பஞ்சம் உள்ள பாளையங்கோட்டையில் அண்ணன் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தான். நடுச் சித்திரையில் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு, சுண்ணாம்புத் தலைக்கு எதிரே உட்கார்ந்திருப்பான்.

நல்ல கிறிஸ்தவர்கள் வாழும் தெருவில் இது எத்தனை நாள் மறைந்திருக்கும்? உபதேசியார் இன்பமணி விசாரிக்க வந்தார்.

"என்ன தம்பி, உள்ள ஒரு தலை இருக்காமே?"

"ஆமா ஐயா."

"யாரு தலை?"

"ரோமாபுரி ராசா எவனோ ஒருத்தன்."

"நம்ம ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்ச கூட்டமா?"

அண்ணன் இதை யோசித்துப் பார்த்ததில்லை. "இருக்கும்," என்றான்.

"அவன் முன்னால கதவு சன்னலை எல்லாம் அடைச்சிட்டு மணிக்கணக்கா உக்காந்திருக்கீராமே?"

"நிழலு விழணும்லா ஐயா."

உபதேசியார் உள்ளே போய்த் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். "மூக்கு எங்கவே?"

"ரயில்ல வரும்போது உடைஞ்சிட்டு."

அப்போதுதான் அவருக்கு மனம் ஆறியது. மூக்குடைந்த விக்கிரகத்தை யாரும் கும்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பாட்டனார் காலம் வரைக்கும் அவர் வீட்டிலும் விக்கிரகம் கும்பிட்டுத்தான் வந்தார்கள். ஒரு ஜெபம் செய்து, மோர் குடித்துவிட்டுப் போனார்.

தலையோடு தொல்லை முடியவில்லை. கரித்துண்டால் வரைவதை அழிக்க ரப்பர் உதவாது, ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். "மாஸ்டர் வீட்டுல தின்னுத ஆளு ரெண்டு, ரொட்டி நாலு போகுது," என்று ரொட்டிக்கடை அசன் மைதீன் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டார். கரி படிந்த ரொட்டி உருண்டைகள் குப்பையில் கிடப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார், கோயிலில் கொடுக்கும் இராப்போஜனத்து அப்பத்தை நினைத்து நடுங்கினார்கள். இதற்கு மேல், கண்ணைப் பாதி இடுக்கிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அண்ணன் அதை ஆராதனையில் பழகினான். எதிர் வரிசையில் இருந்த பெண்கள், தங்களைப் பார்த்து ஒருவன் கண்ணை இடுக்குகிறான் என்று புகார் சொன்னார்கள். நல்ல வேளையாகப் பிரசங்கம் செய்த ஐயரையும் அதே போல் இடுக்கிப் பார்த்ததால் மன்னிக்கப்பட்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் பரீட்சையில் தேறினான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரோமாபுரி ராஜா அச்சாக வந்தார். ஆனால் ராஜா மூச்சு விடுவதில்லை. உயிருள்ள ஒரு முகத்தை அப்படி வரைந்து, பார்த்தவர்கள் இவர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனுக்கு ஆசை.

அதற்கு அகப்பட்டவர் அவன் மாமியார் சாரம்மாள். திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டு ஊர். என் மதினி சாலோமி தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டு, கருப்பட்டியும் கருவாடுமாக வந்திறங்கினார். அந்த அம்மாளிடம் முதலில் கண்ணில் படுவது காதுதான். தோளைத் தொடும்படி வளர்த்த காதுகள். இரண்டிலும் கனத்த தங்கப் பாம்படங்கள். காது வளர்ப்பது அஞ்ஞானிகளின் வழக்கம், கழற்றிவிட வேண்டும் என்று மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் மாதர் சங்கத்திலும், ஐயர்மார் ஊர்க் கோயில்களிலும் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். பலர் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். சாரம்மாள் மட்டும், "ஆண்டவரு எம் மனசத்தான் கேட்டாரு, காதக் கேக்கல," என்று சொல்லிவிட்டார்.

அவரை ஒற்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி அண்ணன் ஒரு வாரம் வரைந்தான். மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லாததால், "இன்னும் எம்புட்டு நேரம்னு கேளு," என்று அவர் சாலோமியிடம் சொல்ல, "அசையாம இருக்கச் சொல்லு," என்று இவன் சாலோமியிடம் சொல்ல, அவள் இருவருக்கும் நடுவில் தூது நின்றாள். முடியும்வரை படத்தைக் காட்ட மாட்டேன் என்றான். சாரம்மாளும் பார்க்காமலே ஊருக்குப் போனார்.

படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வலது கன்னத்தில் வெளிச்சம், நெற்றிச் சுருக்கம், உதட்டோரத்துப் பிடிவாதம், வலது பாம்படத்தில் ஒரு மின்னல். இடது பக்கம் முழுக்க நல்ல கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் இடது கண் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. காது தெரியவில்லை.

ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் வசனம் தைத்த துணிகளுக்கும் ஒரு பெரிய பூசணிக்காய்க்கும் நடுவில் அதை மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நிழலை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

"முகத்துல பாதி கரி அப்பியிருக்கே, விளக்குப் புகையா?" என்றார் ஒருவர்.

"அது கெடக்கட்டும். இன்னொரு பாம்படம் எங்க?" என்றார் அவர் மனைவி.

அந்தக் கேள்விதான் ஊரைச் சுற்றியது. சாரம்மாளின் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, மாமியாரின் ஒரு பாம்படத்தை மருமகன் அடகு வைத்துவிட்டான், படத்திலாவது மறைக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்தார்கள். துரைசானி அம்மாளோ படத்தின் முன் நின்று கண் கலங்கினார். "மிகவும் சந்தோஷம். சாரம்மாள் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார்கள். மற்றப் பக்கமும் சீக்கிரமாய் விடும்படி நாம் ஜெபிப்போம்," என்றார். மாதர் சங்கம் உடனே ஜெபித்தது.

உவரியிலிருந்து திசையன்விளைச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் பெண்கள் இரண்டு செய்தியையும் ஒரே கூடையில் வைத்துச் சாரம்மாள் வீட்டுவாசலில் இறக்கினார்கள். ஒரு பக்கம் பாம்படத்தை மருமகனிடம் பறிகொடுத்தவள், இன்னொரு பக்கம் பாதி மனந்திரும்பியவள். எதைக் கேட்டு அதிகம் கொதித்தார் என்று தெரியாது. ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "எங்காத எனக்குத் திருப்பிக் குடுக்குத வரைக்கும் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஏழாம் மாதம் வந்தபோது சிரிப்பு நின்றது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வந்து மகளை அழைத்துப் போக வேண்டும். தாய் வராமல் பெண் தானாகப் போய் நிற்பது எங்களில் இல்லை. ஏழாம் மாதம் கழிந்து எட்டு பிறந்தது. சாலோமி வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அண்ணனும் நானும் தாயில்லாதவர்கள். பேறுகாலம் பார்க்க எனக்குத் தெரிந்ததெல்லாம் தாவர சாஸ்திரம்தான்.

ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அவள் அழுதுகொண்டே சண்டை பிடித்தாள்.

"மதினி, நீங்களே கேளுங்க. அந்தக் கறுப்புல ஒரு காதும் ஒரு பாம்படமும் போட்டா இவிய கை தேஞ்சா போவும்?"

"அங்கன காது தெரியல சாலோமி. தெரியாதத எப்படி வரைய?" என்றான் அண்ணன்.

"ஞாயிறு பள்ளிக்கு நல்ல மேய்ப்பர் படம் வரைஞ்சு குடுத்தியள்லா? ஏசுவ நேர்ல பாத்தியளா?"

"அது வேற."

"அதுல ரெண்டு காதும் இருந்துச்சு!"

"பொய்யா ஒரு காதை ஒட்டவச்சா அது அவுக முகமா இருக்காது," என்று அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கம்மா இல்லாம நான் செத்துப் போனா, எம் முகத்த நல்லா நிழலு போட்டு வரையுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குள் போனாள்.

அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. மாலையில் என்னிடம் வந்து, "ஏட்டி யூனிஸ், மன்னிப்புக் கேக்கப் போறேன், நீயும் வா," என்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் சாம்பல்நிறக் காகிதமும் கரியும் வெள்ளைச் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டான். மருந்து வாங்கப் போனாலும் அதைத்தான் எடுத்துக்கொள்வான்.

மார்கழிக் காலையில் போய்ச் சேர்ந்தோம். சாரம்மாள் தம் வீட்டு முற்றத்தில் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கே, முற்றத்தை ஒட்டி ஊர்க் கோயில். கிறிஸ்துமஸுக்காக அதன் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், பார்க்கக் கண் கூசியது. அவர் எங்களைப் பார்த்துவிட்டு, காலடியில் மேய்ந்த கோழியிடம் பேசினார்.

"வந்தாச்சு. ஒரு காதக் கொண்டு போனவுக மிச்சக் காதுக்கு வந்திருக்காவ. போ சவமே, அங்கிட்டுப் போ."

"அத்தை," என்றான் அண்ணன். "நான் செஞ்சது..."

வாயைத் திறந்தபடி அவருடைய இடது பக்கத்தையே பார்த்தான். கண்ணை இடுக்கினான். நானும் பார்த்தேன். அந்தப் பக்கம் வெயில் படவில்லை, நிழல்தான். ஆனால் கறுப்பு இல்லை. கோயில் சுவரில் அடித்த வெயில் திரும்பி வந்து அந்தக் கன்னத்தில் மெல்லப் பூசியிருந்தது. நிழலுக்குள்ளே காது முழுசாகத் தெரிந்தது, காதில் பாம்படமும், அதன் விளிம்பில் பொட்டுப்போல ஒரு வெளிச்சமும். காதை அறுக்கச் சொல்லி எந்தக் கோயிலில் பிரசங்கம் நடந்ததோ, அந்தக் கோயில் சுவரே பாம்படத்துக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.

"யூனிஸம்மா, எதுக்கு உங்கண்ணன் எங்காதையே பாக்காரு? அதையும் அடகு வைக்கவா?"

"அத்தை, அசையாதிங்க," என்றான் அவன். மன்னிப்பு அத்துடன் முடிந்தது. மண்ணிலேயே உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்தான்.

நிழலுக்குள் இப்படி ஓர் இரவல் வெளிச்சம் உண்டு என்பது சீமைப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இருந்ததாம். பரீட்சைக்கு அந்த அதிகாரம் இல்லாததால் அண்ணன் படிக்கவில்லை. இத்தனை வருஷமும் ஜன்னல்களை அடைத்து அவன் வரைந்த கறுப்பு, அவனே உண்டாக்கிய கறுப்பு. முகத்தில் இல்லாததைப் போடமாட்டேன் என்று பெண்டாட்டியை அழவைத்தவன், இருந்ததைத்தான் விட்டிருந்தான். இதை அவன் வரைந்துகொண்டே என்னிடம் சொன்னான், சிரித்துக்கொண்டு. சாரம்மாள் எட்டத்தில் இருந்தபடியே கிழங்கை உரித்தார். இந்த முறை எம்புட்டு நேரம் என்று கேட்கவில்லை.

உச்சிப் பொழுதுக்குள் முகம் வந்துவிட்டது. இரண்டு கன்னம், இரண்டு காது, இரண்டு பாம்படம். வலதில் வெள்ளைச் சுண்ணத்தால் ஒரு புள்ளி வைத்தான், தங்கம் மின்னியது. இடதுக்கு வருமுன் வெயில் தலைக்கு மேல் போய், கோயில் சுவர் மங்கிவிட்டது. அண்ணன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான்.

சாரம்மாள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். பிறகு கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக மருமகனைப் பார்த்தே பேசினார்.

"காது வந்துட்டு மருமவனே. ஆனா இந்தப் பாம்படம் மங்கலா இருக்கே. பித்தளைன்னு சொல்லுவாளுவ."

"அதுக்கு ஒரு புள்ளி வைக்கணும் அத்தை. வச்சா தங்கமாயிரும்."

"அப்ப வையும்."

"வெயிலு போயிட்டே. பாக்காம வைக்க மாட்டேன். காலையில வைக்கேன்."

மறுநாள் காலை மேகம் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். "பிள்ளையப் பாக்க வரும்போது வைக்கேன் அத்தை," என்றான். படம் முடியாமல் படியேற மாட்டேன் என்பார் என்று நான் பயந்தேன். சாரம்மாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு புள்ளிக்காவ எம் மவள அங்கன தனியா விடவா? ஓட்டும்வே," என்றார் வண்டிக்காரரிடம்.

சாலோமியை அந்த வாரமே அழைத்துப் போனார். தை மாதக் கடைசியில், பனங்காட்டு வீட்டில், சாரம்மாள் கையில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து அண்ணன் லீவு கேட்டான். டிராயிங் மாஸ்டர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நடக்காது என்று தலைமையாசிரியருக்கு அப்போதுதான் தோன்றியது. லீவு ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தது.

அடக்கத்துக்குச் சாரம்மாள் மகளோடும் பேத்தியோடும் வந்திருந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நீண்டு தொங்கிய காதுகளோடு உட்கார்ந்திருந்தார். துரைசானி அம்மாள் பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்லும்போது அவருடைய இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபம் பலிக்காததைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு நாகரிகம் உண்டு.

ஊருக்குத் திரும்பும்போது சாரம்மாள் என்னிடம், "யூனிஸம்மா, அந்தப் புள்ளிய நீ வச்சிருவியா?" என்று கேட்டார். எனக்கு வரையத் தெரியாது என்றேன். பள்ளிக்கூடத்துக்கு வரப்போகும் புது மாஸ்டரைக் கேட்கலாம் என்றாள் சாலோமி. வேண்டாம் என்று சாரம்மாளே சொல்லிவிட்டார்.

படம் இப்போது திசையன்விளைப் பக்கத்தில், கோயில் சுவரைப் பார்த்த அறையில் தொங்குகிறது. வலது பாம்படத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. இடது பாம்படத்தில் இன்னும் வைக்கவில்லை.